மூதின் முல்லையில் மகனைப் போர்க்கு விடுத்தல்: புறநானூற்றுத் தாயின் ஆயத்தச் செயல்கள்

ஆய்வுச்சுருக்கம்

வளர்ந்த மகன் படைக்குப் புறப்படும் வேளையில் வீட்டார் அவனை எவ்வாறு ஆயத்தம் செய்தனர் என்பது சங்ககாலப் போர் பற்றிய ஆய்வுகளில் தனித்து நோக்கப்படாத பொருளாகும். மன்னர், படை, வெற்றி, கொடை ஆகியன பேசப்பட்ட அளவிற்கு வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த செயல்கள் பேசப்படவில்லை. புறநானூற்றின் 279ஆம் பாடலை நடுவாக வைத்து, 77, 86, 286, 290, 311, 312, 316, 332 ஆகிய பாடல்களின் துணையுடன் அச்செயல்களை இக்கட்டுரை மீட்டுரைக்கிறது. ‘வீரத்தாய்’ என்னும் பிற்காலப் படிமம் 279ஆம் பாடலின் சில சொற்களை மறைத்துவிட்டது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மூதின் முல்லை, ஒக்கூர் மாசாத்தியார், பொன்முடியார், தூவெள்ளறுவை, குடுமி, தண்ணடை, நடுகல்.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்ததற்குப் பின், அந்நூலிலிருந்து மேடைக்கும் பாடநூலுக்கும் மிகுதியாக எடுத்துச் செல்லப்பட்ட பாடல்களுள் ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடல் ஒன்று. முன்னொரு நாள் நடந்த போரில் தன் இல்லத்து ஆடவன் ஒருவனையும், நேற்று நடந்த போரில் கணவனையும் இழந்த பெண், இன்று போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனைக் களத்திற்கு அனுப்புகிறாள். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அரசியல் மேடை இவளைத் தமிழ்த்தாயின் மாதிரியாக நிறுத்தியது. ஈழப் போர்க்காலத்திலும் இப்படிமம் மீண்டும் ஒலித்தது. தாய்மை அரசியலுக்குப் பயன்பட்ட முறையை 1990இல் ‘எக்கனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி’ இதழில் சி.எஸ். லக்ஷ்மி விரிவாகத் திறனாய்வு செய்துள்ளார். அத்திறனாய்வு படிமத்தின் பயன்பாட்டைப் பற்றியது. பாடலுக்குள் தாய் செய்யும் வேலைகள் யாவை என்னும் எளிய வினா அதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டியதாகும்.

இவ்வினாவிற்கு விடை தேடுவதில் ஒரு தடை உண்டு. புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைக்கிறது. மறக்குடித் தாயரைப் பற்றிய பாடல்களில் 86 தவிர ஏனைய பெரும்பாலானவை அவ்வெல்லைக்கு அப்பால் உள்ளன. ஆகவே அவற்றுக்கு நாம் கொள்ளும் பொருள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு உரையாசிரியர்கள், சிறப்பாக ஔவை சு. துரைசாமிப்பிள்ளை, வழியே வந்ததாகும். ‘மூதின் முல்லை’ என்னும் துறைப்பெயரும் பாடலுடன் பிறந்ததன்று. மறக்குடியில் ஆடவர்க்கே அன்றி மகளிர்க்கும் மறம் மிகுதலைச் சொல்வது என அதனை விளக்குவது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை. துறைக்குறிப்பை முதலில் படித்துவிட்டுப் பாடலுக்குள் செல்பவர்க்கு மறம் மட்டுமே தென்படுவதில் வியப்பில்லை.

மூன்று செயல்களும் அவற்றின் வரிசையும்

279ஆம் பாடலில் தாய் செய்பவை மூன்று: மகன் கையில் வேலைக் கொடுக்கிறாள், வெண்ணிற ஆடையை விரித்து உடுத்துகிறாள், எண்ணெய் காணாத அவன் குடுமியில் எண்ணெய் தடவி நீவுகிறாள். பின்னர்ப் போர்முனை நோக்கிச் செல்க என விடுக்கிறாள்.

இம்மூன்றின் வரிசை நோக்கத்தக்கது. ஒருவனை வெளியே அனுப்புவதற்கு ஆயத்தம் செய்வோர் முதலில் தலைக்கு எண்ணெயிட்டு, பின் ஆடை உடுத்தி, இறுதியிலேயே கைப்பொருளைக் கொடுப்பர். எண்ணெய்க் கையோடு புத்தாடையைத் தொடுவோர் இல்லை. கையில் நெடுவேல் ஏந்தி நிற்பவனுக்கு ஆடை உடுத்துவதும் எளிதன்று. பாடலில் இவ்வரிசை முற்றும் தலைகீழாக உள்ளது. யாப்பின் தேவை இதற்குக் காரணமாக இருக்கலாம். எனினும் அச்செயல்களுக்கு முன் புலவர் வைத்துள்ள இரு சொற்களைப் புறக்கணிக்க இயலாது. பறையொலி கேட்ட தாய் ‘விருப்புற்று’ ‘மயங்கி’ இவற்றைச் செய்கிறாள். மேடைப்பேச்சு முதற்சொல்லை எடுத்துக்கொண்டது. இரண்டாம் சொல் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. மயக்கமுற்றவளின் கை, இறுதியில் செய்ய வேண்டியதை முதலிலும் முதலில் செய்ய வேண்டியதை இறுதியிலும் செய்கிறது எனக் கொள்வதற்குப் பாடலில் இடமுண்டு.

‘நீவி’ என்னும் வினையும் அவ்வாறே. எண்ணெய் பூசுதலைச் சொல்லப் பிற வினைகள் இருக்க, தடவிக் கொடுத்தலைக் குறிக்கும் சொல் இங்கு வந்துள்ளது. வேல் கொடுத்து, ஆடை உடுத்தி முடித்த பின்னும் அவள் கை மகனின் தலையை விட்டு அகலவில்லை. அடுத்து வருவது விடுத்தல்.

பாடலைக் கூறுபவர் தாய் அல்லர். அருகிருந்து கண்ட ஒருவர். அவர் கூற்று பாராட்டில் தொடங்கவில்லை. இவள் சிந்தை கெடுக என்னும் கடுஞ்சொல்லிலும், இவள் துணிவு கொடிது என்னும் திகைப்பிலும் தொடங்கி, அதன் பின்னரே மூத்த குடியில் பிறந்தவளாதல் தகும் என அமைகிறது. கண்டவர்க்கும் இச்செயல் இயல்பானதாகத் தோன்றவில்லை என்பது இதனால் பெறப்படும். மறக்குடிப் பெண் எவளும் செய்யும் வழக்கமாக இது இருந்திருப்பின் இத்திகைப்பிற்குத் தேவை எழுந்திராது. களத்தில் முன்னர் இறந்தவனைக் குறிக்கும் ‘தன்னை’ என்பதற்குத் தந்தை என்றும் தமையன் என்றும் இருவகையாகப் பொருள் கொள்வர். எவ்வாறு கொண்டாலும் பிறந்த வீட்டில் ஒருவரும் புகுந்த வீட்டில் ஒருவரும் ஏற்கெனவே மாண்டுள்ளனர். கணவன் இறந்தது நேற்று. இன்று அவள் கைம்மையின் முதல் நாளில் நிற்கிறாள்.

ஒக்கூர் மாசாத்தியார் பாடியனவாகக் கிடைப்பவை எட்டு. அவற்றுள் ஏழு அகப்பாடல்கள் என்பதும், அவற்றில் பெரும்பாலானவை தலைவன் திரும்பி வருதலை எதிர்நோக்கும் முல்லைப் பாடல்கள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. காத்திருத்தலைப் பாடியே பழகிய புலவர், புறத்தில் பாடிய ஒற்றைப் பாடலில் காத்திருப்பின் தொடக்கக் கணத்தைத் தேர்ந்தெடுத்துள்ளார்.

தூவெள்ளறுவை

வெண்ணிற ஆடை மறவர்க்குரிய உடை என்பதற்குப் புறநானூற்றிலேயே சான்றுகள் உள்ளன. ஔவையார் பாடிய 311ஆம் பாடல், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் புலைத்தி நாள்தோறும் வெளுத்துத் தரும் தூய வெண்துகிலை உடுத்த வீரனைக் காட்டுகிறது. களர்மண் கலந்த நீர் அழுக்குப் போக்கும் என்னும் தொழிலறிவு அதில் பொதிந்துள்ளது. தாய் விரித்து உடுத்திய ஆடைக்குப் பின்னால் பெயரில்லாத வேறொரு பெண்ணின் உழைப்பு இருந்தது என்பதையும் இப்பாடல் உணர்த்துகிறது. போர்க்கு அனுப்பும் ஆயத்தம் ஒரு வீட்டின் வேலையாக மட்டும் இருந்திருக்க இயலாது.

இதே வெண்துகில் 286ஆம் பாடலிலும் வருகிறது. அதுவும் ஔவையார் பாடியதே. பேசுபவள் ஒரு தாய். இளைஞர் கூட்டத்திடையே தன் மகனுக்கு வழங்கப்பட்ட கள்ளைப் பற்றிப் பேசும் அவள், கால் இல்லாத கட்டிலாகிய பாடையில் கிடத்தித் தூய வெண்துகில் போர்த்துதலைக் குறிப்பிடுகிறாள். உடுத்தும் ஆடைக்கும் போர்த்தும் ஆடைக்கும் ‘தூவெள்ளறுவை’ என்னும் ஒரே சொல்லே வழங்கியுள்ளது. மறக்குடியில் பிறந்து வளர்ந்த பெண் வெண்துகிலை விரித்தபோது இவ்விரண்டு பயன்களையும் அறிந்திருந்தாள் எனக் கொள்வது மிகையாகாது. 279ஆம் பாடலில் கணவன் நேற்று இறந்துள்ளமையால் அவ்வறிவு மிக அண்மையிலிருந்து வந்தது.

குடுமியும் தாலியும்

மகனின் அகவை யாது என்பதைப் பாடல் நேராகச் சொல்லவில்லை. குடுமி அதனை உணர்த்துகிறது. இதனைத் தெளிவாக்க 77ஆம் பாடல் துணைபுரிகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் இளமையை இடைக்குன்றூர் கிழார் பாடுகையில், களைந்தவற்றையும் அணிந்தவற்றையும் இணையிணையாக அடுக்குகிறார். கிண்கிணி களைந்த காலில் கழல். குடுமி களைந்த தலையில் வேப்பந்தளிரும் உழிஞைக் கொடியும். குறுந்தொடி கழித்த கையில் வில். ஆனால் குழந்தைக்குக் காப்பாக அணிவித்த தாலி மட்டும் இன்னும் களையப்படவில்லை. பாலை விட்டுச் சோறு உண்டதும் இன்றுதான். அரச குடும்பத்தில் போர்க்கோலம் என்பது இளமை அடையாளங்களை ஒவ்வொன்றாக நீக்கும் சடங்காக இருந்ததை இவ்வடுக்கு காட்டுகிறது. மார்பில் எஞ்சிய தாலி அச்சடங்கு நிறைவுறுவதற்குள் போர் வந்துவிட்டதைச் சொல்கிறது.

279ஆம் பாடலின் மகனுக்குக் குடுமி களையப்படவில்லை. அது எண்ணெயிடப்பட்டு அவ்வாறே விடப்படுகிறது. சடங்கு நிகழ்த்தக் காலமில்லையா, அன்றி அரசர்க்குரிய சடங்கு எளிய மறக்குடியில் இல்லையா என்பதை இவ்விரு பாடல்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆயினும் பராமரிப்பின்றிப் பறந்து கிடந்த தலைமயிர், அன்று காலைவரை அவன் போர்க்குச் செல்பவனாகக் கருதப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. பொன்முடியாரின் 312ஆம் பாடல் கூறும் ‘காளை’ பயிற்சி பெற்ற இளைஞன். காவற்பெண்டின் 86ஆம் பாடல் கூறும் மகன் வீட்டைவிட்டுச் சென்று எங்கிருக்கிறான் எனத் தாயும் அறியாத அளவிற்கு வளர்ந்தவன். மூவரையும் ஒரே தட்டில் வைத்து ‘மகனைப் போர்க்கு அனுப்பிய தாய்’ எனப் பொதுமைப்படுத்தும் வழக்கம் திருத்தத்திற்குரியது.

வேல் எங்கிருந்து வந்தது

தாயின் கைக்கு வேல் வந்த வழியை அறிவது வரலாற்று நோக்கில் இன்றியமையாதது. ஔவையார் பாடிய 95ஆம் பாடலில் தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசிக் காவல் மிக்க மனையில் கிடக்கின்றன. அதியமானின் வேல்களோ முனை சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. அரசனின் படைக்கலக் கொட்டில் ஒன்று இருந்தது என்பது இதனால் தெளிவு. ஆனால் மறக்குடிகளின் ஆயுதம் அங்கிருந்து வழங்கப்பட்டதாகத் தெரியவில்லை. விரியூர்கிழார் பாடிய 332ஆம் பாடல், புழுதி படிந்து குடிசைக் கூரையில் செருகிக் கிடக்கும் வேலைக் காட்டுகிறது. போர் வருங்கால் அதே வேலுக்கு மங்கல மகளிர் மாலை சூட்டுகின்றனர். யாழிசையுடன் நீர்நிலைக்கும் தெருவிற்கும் அது கொண்டு செல்லப்படுகிறது. அதன் பின்னரே களத்திற்குப் போகிறது. வேலை எடுத்துத் தூசு துடைத்து அணிசெய்யும் வேலையில் பெண்கள் பங்கேற்றனர் என்பதற்கு இது நேர்ச்சான்றாகும்.

316ஆம் பாடலின் வறிய மறவன் விருந்தினரைப் பேணத் தன் பழைய வாளைப் பணயம் வைத்துள்ளான். அடகு வைக்கக்கூடிய பொருள் என்பதால் ஆயுதம் வீட்டுச் சொத்தாக இருந்தது என்பது உறுதியாகிறது. இச்சான்றுகளை இணைத்து நோக்கின், 279ஆம் பாடலின் தாய் மகன் கையில் கொடுத்தது முன்னர் மாண்டவர்களுள் ஒருவனின் வேலாக இருக்கலாம் என்னும் ஊகம் எழுகிறது. பாடல் அதனைச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

கடன் யாருடையது

பொன்முடியாரின் 312ஆம் பாடல் ஒரு வீரனை உருவாக்கும் பொறுப்பை ஐவரிடையே பகிர்கிறது: பெற்று வளர்த்தல் தாய்க்கு, சான்றோனாக்குதல் தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லனுக்கு, நான்காம் கடமை வேந்தனுக்கு, போரில் களிறு எறிந்து மீளுதல் காளைக்கு. இங்குச் ‘சான்றோன்’ என்பதைப் பண்பில் நிறைந்தவன் எனக் கொள்வது பிற்காலப் பழக்கம். பதிற்றுப்பத்தின் ‘சான்றோர் மெய்ம்மறை’ போன்ற ஆட்சிகளில் அச்சொல் வீரரைக் குறித்தலால், தந்தையின் கடன் படைப்பயிற்சி அளித்தல் எனக் கொள்வதே பாடலின் சூழலுக்குப் பொருந்தும். 69ஆம் குறளில் இச்சொல் போர்க்களத்தை விட்டு விலகிவிடுகிறது. ஈன்ற நாளினும் மிகுதியாகத் தாய் மகிழும் தருணம், பூங்கணுத்திரையாரின் 277ஆம் புறப்பாடலில் மகன் களிறு எறிந்து மாண்ட செய்தியைக் கேட்ட தருணம். குறளில் அவன் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட தருணம். ஒரே மகிழ்ச்சிக்கு இருவேறு காரணங்கள் கூறப்பட்ட இடைவெளியில் ஒரு சமூகம் மாறியிருக்கிறது.

312இல் வேந்தனுக்குரிய கடமை பாடவேறுபாட்டிற்குரியது. நன்னடை நல்கல் என்றும் தண்ணடை நல்கல் என்றும் இருபாடங்கள் வழங்குகின்றன. முன்னதற்கு நல்லொழுக்கம் கற்பித்தல் எனப் பொருள் கொள்வர். பின்னது மருதநிலத்தை, அதாவது விளைநிலக் கொடையைக் குறிக்கும். சாத்தந்தையாரின் 287ஆம் பாடலும் 297ஆம் பாடலும் தண்ணடை பெறுதலை வீரனுக்குரிய பரிசாகப் பேசுவதால் இரண்டாம் பாடமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மேலும், தந்தை பயிற்றுவித்த பின் வேந்தன் ஒழுக்கம் கற்பித்தல் கூறியது கூறலாக முடியும். தண்ணடை எனக் கொண்டால் பாடலின் பொருளியல் வெளிப்படுகிறது. வளர்ப்பும் பயிற்சியும் குடும்பத்தின் செலவு. ஆயுதம் கொல்லனின் உழைப்பு. வேந்தன் நிலம் தருபவன். குடும்பம் தன் பங்கை முன்கூட்டியே செலுத்திவிடுகிறது. 297ஆம் பாடலின்படி தண்ணடை, நெடுவேல் மார்பில் பாய்ந்தும் பனைமரம்போல் நின்றவர்க்கே உரியது.

இவ்வுறவு ஒரு தலைமுறையோடு முடிவதன்று. 290ஆம் பாடலில் ஔவையார், இவ்வீரனுக்கு முதலில் கள்ளை ஈந்து பின் நீ உண்பாயாக என வேந்தனிடம் கூறுகிறார். இவன் பாட்டன் உன் பாட்டனைக் காக்க வேல்களைத் தன் உடலில் ஏற்று மாண்டவன். இவனும் உன்னை அவ்வாறே காப்பான் என்பது அதற்கு அவர் தரும் காரணம். அரசவையில் பெருமையாக நினைவுகூரப்படும் இத்தொடர்ச்சியே 279ஆம் பாடலின் முற்றத்தில் முன்னொரு நாள், நேற்று, இன்று எனக் கணக்கிடப்படுகிறது.

சென்ற பின்

மகன் புறப்பட்ட பின் வீட்டில் எஞ்சுவது செய்திக்கான காத்திருப்பு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லை மலரும் தூவி நற்சொல் கேட்கக் காத்து நிற்பது தலைவியின் பொருட்டு. புறநானூறு 280இலும் விரிச்சி பார்த்தல் வருகிறது. அங்கு முதுபெண்டின் சொல்லும் நிறைவாக அமையவில்லை. புண்பட்டுத் திரும்பியவனுக்காக வீட்டில் நிகழ்ந்தவற்றை அரிசில்கிழார் 281இல் அடுக்குகிறார்: மனையில் இரவமும் வேம்பும் செருகுதல், ஐயவி சிதறுதல், மணி இயக்குதல், குழல் ஊதுதல், காஞ்சி பாடுதல், நறும்புகை எழுப்புதல். அனுப்புவதற்கு மூன்று செயல்கள் போதுமாயின. மீண்டவனைக் காப்பதற்கு இத்தனை தேவைப்பட்டன.

86ஆம் பாடலின் காவற்பெண்டிடம் உன் மகன் எங்கே என ஒருவர் கேட்கிறார். கேட்டவர் சிறு குடிலின் தூணைப் பற்றி நிற்கிறார். எங்குளனோ அறியேன், புலி தங்கிச் சென்ற கற்குகைபோல் அவனை ஈன்ற வயிறு இதோ உள்ளது, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்பது அவள் விடை. இதில் பெருமிதம் உண்டென்பதை மறுப்பார் இலர். ஆனால் அவள் காட்டும் உவமை வெற்றிடத்தைப் பற்றியது. புலியைக் காட்டுவதற்கு அவளிடம் குகை மட்டுமே உள்ளது.

கல்லில் இடம்பெறாதவள்

மாண்ட வீரனுக்குச் சமூகம் அளித்த நிலையான அடையாளம் நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிப் பொறிப்புடைய கற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட அந்தவன் என்பானின் பெயரைத் தாங்கியுள்ளது. சில சொற்களே கொண்ட அப்பொறிப்பில் பெயர், ஊர், ஆகோள் என்னும் நிகழ்வு ஆகியனவே உள்ளன. பிற்காலத்துச் செங்கம் பகுதி நடுகற்களில் வாய்பாடு விரிவடைகிறது. அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். வீரன் எந்தத் தலைவனின் சேவகன் என்பது அடுத்து வரும். தொறு கொண்டோ தொறு மீட்டோ பட்ட செய்தி இறுதியில் வரும். மாண்டவர்களின் குடும்பத்திற்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்னும் பெயர்களில் நிலம் வழங்கப்பட்டதையும் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. இரத்தத்தைக் குறிக்கும் சொல் நிலக்கொடையின் பெயராகவே நின்றுவிட்டது. 312ஆம் பாடலில் வேந்தன் கடன் எனச் சொல்லப்பட்டது, இங்கு மகன் திரும்பாத வீட்டிற்கு வந்து சேர்கிறது.

அவ்வாய்பாட்டில் ஆண்டிற்கு இடமுண்டு, அரசனுக்கு உண்டு, தலைவனுக்கு உண்டு. வேலை எடுத்துக் கொடுத்து, துகில் உடுத்தி, குடுமியில் எண்ணெய் நீவியவளுக்கென ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. 279ஆம் பாடலும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அவள் கைகள் செய்தவற்றை மட்டும் சொல்கிறது.